எக்ஸ்ரே அறையில் பயிற்சி: ரேடியாலஜி டெக்னாலஜி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, போஸ்டிங்குக்கு வரும் மாணவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். டிப்ளமோ மாணவர்களும் வருகிறார்கள், பி.எஸ்சி. மாணவர்களும் வருகிறார்கள். வகுப்பில் கேட்கத் தயங்கும் சந்தேகங்களை மதிய நேரத்தில் கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை, முடிந்தவரை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதல் நாள் என்ன கொண்டு வரணும் சார்?

வெள்ளைக் கோட்டு, அடையாள அட்டை, மூடிய செருப்பு அல்லது ஷூ, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சின்ன நோட்டு. அப்புறம், ஈயத்தில் செய்த 'வலது', 'இடது' மார்க்கர் ஒரு ஜோடி சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறையில் இருக்கும் மார்க்கர் அவசரத்துக்குக் கையில் கிடைக்காது.

ஒரு மாசமா பேஷன்ட்டைக் கூப்பிடறது, ரிஜிஸ்டர் எழுதறதுதான் வேலை. எப்போ எக்ஸ்ரே எடுக்க விடுவாங்க?

இந்த ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஒரு மாதத்தில் நீங்கள் பார்ப்பது சின்ன விஷயமில்லை. தோளைத் தொங்கவிட்டு வருபவர், விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு வருபவர், ஸ்ட்ரெச்சரில் முழங்காலை மடக்கியே வைத்திருப்பவர் என்று பலரையும் பார்ப்பீர்கள். ஒருவர் நடந்து வருவதைப் பார்த்தே இவரை நிற்கவைத்து எடுக்க முடியுமா, படுக்கவைத்துத்தான் எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் கண் அங்கேதான் கிடைக்கும். ரிக்வஸ்ட் சீட்டுகளைப் படிக்கும்போது டாக்டர்கள் எதற்காக எந்தப் படம் கேட்கிறார்கள் என்பதும் பிடிபட்டுவிடும்.

முறையான வரிசை இதுதான்: முதலில் பார்ப்பது, பிறகு சீனியர் பக்கத்தில் நிற்க நீங்கள் பொசிஷன் செய்வது, அதாவது நோயாளியைச் சரியான நிலையில் வைப்பது, அப்புறம் அவர் முன்னால் நீங்களே முழுவதுமாக எடுப்பது. ஒவ்வொரு உடல் பகுதிக்கும் இந்த மூன்று படிகளையும் தனித்தனியாகக் கடக்க வேண்டும். கை எக்ஸ்ரே நன்றாக எடுக்கிறவருக்கு இடுப்பு எக்ஸ்ரே தானாக வந்துவிடாது. ஒரு மாதத்துக்கு மேலும் எழுத்து வேலை மட்டுமே கிடைக்கிறது என்றால், உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் தாராளமாகக் கேளுங்கள். கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறீர்கள்.

நான் மூச்சு சொன்னா பேஷன்ட் அதுக்கு நேர் எதிரா செய்றாங்க. எப்படிச் சொல்றது?

பெரும்பாலும் வார்த்தையில்தான் சிக்கல். 'மூச்சைப் பிடிங்க' என்று எடுத்தவுடன் சொன்னால், பாதிப் பேர் மூச்சை வெளியே விட்டுவிட்டுப் பிடிப்பார்கள். 'ப்ரீத் இன்' எல்லாம் நம் ஓ.பி.யில் எடுபடாது. நான் சொல்வது இப்படி: "அம்மா, மூச்சை நல்லா உள்ளே இழுங்க... இன்னும் இழுங்க... அப்படியே நிறுத்துங்க." படம் எடுத்து முடித்ததும் "ம், விடுங்க". இதை மெஷின் அருகே போவதற்கு முன்பே, நோயாளி பக்கத்தில் நின்று ஒருமுறை செய்து காட்டி, அவரையும் செய்யவைத்துப் பாருங்கள். தோள் மட்டும் மேலே ஏறி வயிறு அசையாமல் இருந்தால் அவர் ஆழமாக இழுக்கவில்லை என்று அர்த்தம்.

மார்பு எக்ஸ்ரேயில் மூச்சு சரியாக இருந்ததா என்று படமே சொல்லிவிடும். உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா எலும்புகள் ஆறு தெரிய வேண்டும், பின்பக்க விலாக்களை எண்ணினால் பத்து. அதற்குக் குறைந்தால் நுரையீரலின் அடிப்பகுதி நெரிசலாகி, இல்லாத நிமோனியா இருப்பதுபோலத் தெரியும், இதயமும் பெரிதாகத் தோன்றும்.

இப்போது வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய வருகிறார்கள். இந்தியில் 'சாஸ் அந்தர் லோ' (மூச்சை உள்ளே இழுங்க), 'ரோக்கோ' (நிறுத்துங்க), 'சோடோ' (விடுங்க) என்ற மூன்றையும் நோட்டில் எழுதிவைத்துக்கொண்டால் போதும். காது கேட்காத பெரியவர்களிடம் கையை மேலே தூக்கினால் இழுக்கணும், கீழே இறக்கினால் விடணும் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

தாலியைக் கழற்றச் சொன்னா சண்டைக்கே வந்துடறாங்க. என்ன பண்றது?

கழற்றச் சொல்லாதீர்கள், ஒதுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் கயிறு படத்தில் தொந்தரவு தராது, அதில் கோத்திருக்கும் தங்கம்தான் வெள்ளையாக விழும். மார்பு எக்ஸ்ரேயில் தாலியைப் படம் விழும் பகுதிக்கு வெளியே மேலே தள்ளி, கழுத்துப் பின்பக்கமாகத் தூக்கிவிட்டால் முடிந்தது. ஏன் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி காரணமும் சொல்லுங்கள்: "படத்துல நெஞ்சு மேல விழுந்தா டாக்டருக்குத் தெரியாதும்மா." இப்படிக் கேட்ட பிறகு யாரும் என்னிடம் சண்டை போட்டதில்லை.

தாலியைப் பற்றிக் கவலைப்படும் மாணவர்கள் பின்னலை மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் தேய்த்த தடிமனான சடை தோளுக்கு முன்னால் கிடந்தால் நுரையீரலின் மேல்முனையில் நிழலாக விழும். காசநோய் தேடும் இடமே அதுதான். சடையைத் தூக்கி உச்சியில் முடிந்துவிடுங்கள். ஜாக்கெட் கொக்கி, புடவை ஊக்கு, குழந்தைகளின் தாயத்து, அரைஞாண் கயிற்றில் தொங்கும் வெள்ளி என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். பெண் நோயாளிக்கு ஆண் மாணவர் எடுக்கும்போது செவிலியரோ, பெண் உறவினரோ உடன் இருக்க வேண்டும், உடை மாற்ற மறைப்பும் கவுனும் கொடுத்தாக வேண்டும்.

பேரைக் கூப்பிட்டுத்தானே எடுக்கிறோம். ஆள் எப்படி மாறும்?

வரிசையில் 'லட்சுமி' என்று கூப்பிட்டுப் பாருங்கள், மூன்று பேர் எழுந்து வருவார்கள். அதோடு, "நீங்கதானே முருகன்?" என்று கேட்டால், காது சரியாகக் கேட்காதவரும் பயந்திருப்பவரும் தலையை ஆட்டிவிடுவார்கள். "உங்க பேர் என்ன, வயசு என்ன, எங்கே வலிக்குது?" என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து, சீட்டில் உள்ள பெயர், ஓ.பி. எண் இரண்டோடும் ஒத்துப் பாருங்கள்.

கே.வி., எம்.ஏ.எஸ். எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா? மெஷினே போட்டுக்குதே.

மெஷின் சராசரி உடம்புக்குப் போடுகிறது. வருகிறவர் முப்பத்தைந்து கிலோ எடையுள்ள பாட்டியாகவோ, நூறு கிலோ ஓட்டுநராகவோ இருக்கலாம். ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட, எது எதை மாற்றும் என்பது கையில் இருக்க வேண்டும். கே.வி. என்பது டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம். அது கூடினால் கதிரின் ஊடுருவும் திறன் கூடும், கறுப்பு வெள்ளை வித்தியாசம் குறையும். எம்.ஏ.எஸ். என்பது கதிரின் அளவு. கே.வி.யை 15 சதவீதம் கூட்டுவது, ஏறத்தாழ எம்.ஏ.எஸ்.ஸை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 60 கே.வி.யில் வெளுத்துப்போன படத்தை 69-ல் எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

தூரத்தையும் மறக்காதீர்கள். மார்பு எக்ஸ்ரேயை 180 சென்டிமீட்டரில் எடுக்கப் பழகியவர், ஸ்ட்ரெச்சர் நோயாளிக்கு 100 சென்டிமீட்டரில் அதே அளவைக் கொடுத்தால், மூன்று மடங்குக்கும் மேல் கதிர் போய்ச் சேரும். தூரம் பாதியானால் கதிர் நாலு மடங்கு.

டி.ஆர்.ல படம் எப்பவும் நல்லாத்தானே வருது. கொஞ்சம் கூட வச்சா என்ன?

ஃபிலிம் காலத்தில் அளவு கூடினால் படம் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். டி.ஆர்., அதாவது டிஜிட்டலில், கம்ப்யூட்டர் சரிசெய்து அழகாகக் காட்டிவிடுகிறது. அளவு குறைந்தால்தான் புள்ளி புள்ளியாகத் தெரிந்து டாக்டர் கூப்பிட்டுக் கேட்பார். அதனால் எல்லோரும் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். அந்தக் கூடுதல் முழுக்க நோயாளியின் உடம்பில் போகிறது, யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

எவ்வளவு கதிர் வந்து சேர்ந்தது என்று காட்ட ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் வரும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பாருங்கள். அதற்குப் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சிலவற்றில் எண் ஏறினால் அளவு கூடுதல், சில பழைய சி.ஆர். (கேசட்டில் பதிந்ததைப் பிறகு கம்ப்யூட்டரில் படிக்கும்) மெஷினில் நேர் எதிர். புதிய மெஷின்களில் டீவியேஷன் இண்டெக்ஸ் என்று ஒன்று வரும். பூஜ்யம் என்றால் சரியான அளவு, பிளஸ் 3 என்றால் இரண்டு மடங்கு, மைனஸ் 3 என்றால் பாதி. போஸ்டிங் போன இடத்தில் எந்த மாதிரி என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்குப் போனா குழந்தை பிறக்காதுன்னு வீட்டில பயப்படறாங்க. உண்மையா?

இல்லை. ஆனால் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பிறகு, ஆரம்ப கால டெக்னீஷியன்கள் மெஷின் ஓடுகிறதா என்று தங்கள் கையையே காட்டிப் பார்த்தார்கள். தோல் வெந்தது, விரல்கள் போயின, புற்றுநோயும் வந்தது. அந்தக் கதைகள் இன்னும் சொல்லப்படுகின்றன.

இன்றைய கணக்கு வேறு. நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், அதாவது ஏ.இ.ஆர்.பி., வேலை செய்பவருக்கு ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு 20 மில்லி சீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரின் அளவு) என்றும், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. ஆணின் விந்தணு தற்காலிகமாகக் குறைவதற்கே ஒரே தடவையில் சுமார் 150 மில்லி கிரே (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை ஏறத்தாழ அதே அளவு மில்லி சீவர்ட்) நேரடியாக அந்த இடத்தில் பட வேண்டும். ஒரு மார்பு எக்ஸ்ரேயில் நோயாளிக்கே கிடைப்பது 0.02 மில்லி சீவர்ட் அளவுதான். இயற்கையில் மண், காற்று, உணவு, வானம் எல்லாவற்றிலிருந்தும் உலக சராசரியாக ஒருவருக்கு வருடத்துக்கு 2.4 மில்லி சீவர்ட் வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால், அது மூன்று நாள் கணக்கு. கதவு மூடி, தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று வேலை செய்பவருக்கு அதுவும் வராது. வீட்டில் இதை அப்படியே சொல்லுங்கள்.

ஸ்டூடன்ட்ஸுக்கு டி.எல்.டி. பேட்ஜ் தரலை. பரவாயில்லையா?

டி.எல்.டி. என்பது நீங்கள் வாங்கும் கதிரை அளக்கும் பேட்ஜ். அது இல்லாமல் பரவாயில்லை என்று நான் சொல்லமாட்டேன். பதினாறு வயதுக்குக் கீழ் உள்ள யாரையும் பயிற்சிக்குக்கூடக் கதிர்வீச்சு வேலையில் விடக்கூடாது. பதினாறிலிருந்து பதினெட்டு வரை உள்ள பயிற்சி மாணவருக்கு வருடத்துக்கு 6 மில்லி சீவர்ட் என்று தனி வரம்பே இருக்கிறது. வரம்பு வைத்திருக்கிறார்கள் என்றால் அளந்து பார்க்க வேண்டும் என்றுதானே பொருள்? கல்லூரியா, மருத்துவமனையா, யார் தருவது என்ற இழுபறியில்தான் பல இடங்களில் இது நின்றுபோகிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

கிடைத்த பிறகு நெஞ்சு மட்டத்தில், லெட் ஏப்ரன் (ஈய மேலங்கி) போட்டால் அதற்கு உள்ளே அணியுங்கள். ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையில் மாட்டிவிட்டுப் போனால், மூன்று மாதம் கழித்து வரும் ரிப்போர்ட்டில் நீங்கள் வாங்காத கதிர் உங்கள் கணக்கில் ஏறியிருக்கும்.

குழந்தை அழுதா, 'நீ போய்ப் பிடிச்சுக்கோ'ன்னு சீனியர் சொல்றார். பிடிக்கலாமா?

கூடாது. பிடிப்பது கூட வந்த பெரியவரின் வேலை. அம்மாவோ அப்பாவோ, ஏப்ரன் போட்டுக்கொண்டு, டியூபிலிருந்து நேராக வரும் முதன்மைக் கதிரின் பாதையில் கை வராமல் பிடிக்கலாம். கர்ப்பமாக இருப்பவர் பிடிக்கக்கூடாது. ஏ.இ.ஆர்.பி.யின் விதியும் ஊழியர் பிடிக்கக்கூடாது, உறவினர்தான் பிடிக்க வேண்டும் என்கிறது. ஒரு தாய்க்கு அது வாழ்க்கையில் ஒரு தடவை. தினமும் நாலு குழந்தை பிடிக்கும் மாணவருக்கு அது தினசரிக் கணக்கு.

பிராக்டிஸுக்காக நாங்களே ஒருத்தருக்கொருத்தர் எடுத்துப் பார்க்கலாமா?

பொசிஷன் செய்து பழகுங்கள், லைட்டைப் போட்டு சென்டர் செய்யுங்கள், மூச்சு சொல்லிப் பாருங்கள். எக்ஸ்போஷர் மட்டும் கொடுக்காதீர்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் மனித உடம்பில் கதிரைச் செலுத்தக்கூடாது, அளவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

வார்டு போர்ட்டபிள்லயும் ஓ.டி. சி-ஆர்ம்லயும் எங்கே நிக்கணும்?

வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் மெஷினான போர்ட்டபிளில் எக்ஸ்போஷர் ஒயரை முழுக்க இழுத்து, குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, ஏப்ரனோடு நில்லுங்கள். டியூபுக்கு நேராக நிற்காதீர்கள். "எக்ஸ்ரே எடுக்கிறோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பாதையில் இல்லை என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி ஒரு மீட்டர் தூரத்துக்கு வருவது, உள்ளே போன கதிரில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டரில் அதிலும் கால் பங்கு. தூரத்தைப் பற்றி கே.வி. கேள்வியில் சொன்னது இங்கே உங்களைக் காப்பாற்றுகிறது.

ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் சி வடிவ எக்ஸ்ரே மெஷினான சி-ஆர்மில் சிதறல் அதிகம் கிளம்புவது கதிர் உடம்புக்குள் நுழையும் பக்கத்தில். அதனால் டியூபைக் கீழே வைப்பார்கள். பக்கவாட்டில் திருப்பும்போது டியூப் இருக்கும் பக்கத்தை விட்டு, படம் பிடிக்கும் பக்கத்துக்கு வந்துவிடுங்கள்.

'கர்ப்பமா இருக்கீங்களா'ன்னு கேட்க கூச்சமா இருக்கு சார். கேட்காம விட்டா என்ன?

விடக்கூடாது. வயிறு, இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி எடுக்கும்போது கட்டாயம். கேள்வியை மாற்றிக் கேட்டால் கூச்சம் குறையும்: "கடைசியா தலைக்குக் குளிச்சது என்னைக்கும்மா? நாள் ஏதாவது தள்ளிப்போயிருக்கா?" நம் ஊர்களில் இது எல்லோருக்கும் புரியும் பேச்சு. கல்யாணம் ஆகாத பெண்ணிடமும், மாமியாருடன் வந்திருக்கும் பெண்ணிடமும் தனியாக அழைத்துத்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் பதில் உண்மையாக இருக்காது. உங்களால் முடியவில்லை என்றால் செவிலியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நாள் தள்ளியிருந்தால் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்கள் இல்லை. நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். கை, கால், மார்பு எக்ஸ்ரேயாக இருந்தால் கருவுக்குப் போவது மிக மிகக் குறைவு என்பதையும் தெரிந்துவைத்திருங்கள், தேவையில்லாமல் பயமுறுத்திவிடாதீர்கள்.

தப்பா எடுத்துட்டேன். அழிச்சுட்டு மறுபடி எடுத்துடலாமா, சொல்லணுமா?

சொல்லுங்கள். நான் மாணவனாக இருந்தபோது ஒரு மருத்துவமனையில், வலது மணிக்கட்டுக்கு வந்த சீட்டுக்கு இடது மணிக்கட்டை எடுத்தேன். அந்தப் பெரியவர் "இந்தக் கைதான் தம்பி" என்று சொன்னார். வரிசை நீளமாக இருந்தது, நான் காதில் வாங்கவில்லை. மார்க்கரும் வைக்கவில்லை, பிறகு பேனாவால் எழுதினேன். சீட்டில் இருந்ததை எழுதினேன். எலும்பு முறிவு இல்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வீங்கிய கையோடு திரும்பி வந்தார். முதல் பதிலில் மார்க்கர் வாங்கச் சொன்னது அந்த நாளிலிருந்து வந்தது. எக்ஸ்போஷருக்கு முன்னால் மார்க்கரை, படம் பதியும் கேசட் மேல் வையுங்கள். கம்ப்யூட்டரில் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

ரிப்பீட் எடுப்பதாக இருந்தால் சீனியர் பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் ரேடியோகிராபி படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு இதை விதியாகவே வைத்திருக்கிறது. காரணம் எளிது: முதல் தடவை ஏன் தவறியது என்று தெரியாத கை, இரண்டாவது தடவையும் அதையே செய்யும், நோயாளி மூன்றாவது டோஸ் வாங்குவார்.

ஆக்சிடென்ட் கேஸ் கழுத்து எக்ஸ்ரேன்னா கை நடுங்குது.

நடுங்கட்டும், கழுத்தை மட்டும் அசைக்காதீர்கள். காலரைக் கழற்றாதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள், நோயாளியைப் புரட்டாதீர்கள். அவர் படுத்தபடியே இருக்கட்டும், டியூபையும் கேசட்டையும் அவரைச் சுற்றி நகர்த்துங்கள். முதல் படம் பக்கவாட்டில், கிடைமட்டக் கதிரில். அதில் ஏழாவது கழுத்து முள்ளெலும்பும் முதல் மார்பு முள்ளெலும்பும் சேரும் இடம் வரை தெரிய வேண்டும். தோள் மறைத்தால் அடுத்து என்ன செய்வது என்று டாக்டரைக் கேளுங்கள். கையை நீங்களாக இழுக்காதீர்கள்.

எம்.ஆர்.ஐ.ல ரேடியேஷன் இல்லை. அப்போ அந்தப் போஸ்டிங் ஈஸிதானே?

காந்தம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் நடக்காதபோதும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டருடன் ஸ்கேன் அறைக்குள் போனவர் காந்தத்தில் இழுக்கப்பட்டு இறந்தார். சிலிண்டர், சக்கர நாற்காலி, கத்தரிக்கோல், உங்கள் பாக்கெட்டில் இருக்கும் சாவி எதுவும் கதவைத் தாண்டக்கூடாது. பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் கருவி, கண்ணில் இரும்புத் துகள் பட்ட வெல்டிங் வேலை ஆகியவற்றை ஒன்று விடாமல் கேளுங்கள். ஜரிகைப் புடவையைக்கூட மாற்றி கவுன் கொடுக்க வேண்டும், உலோக இழை சூடாகலாம்.

சி.டி.ல கான்ட்ராஸ்ட் நாங்க போடலாமா?

கான்ட்ராஸ்ட் என்பது படம் தெளிவாகத் தெரிய நரம்பில் போடும் மருந்து. அதை மாணவர் தானாகப் போடக்கூடாது. உங்கள் வேலை, அலர்ஜி, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை மாத்திரை பற்றிக் கேட்பது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட் இருக்கிறதா என்று பார்ப்பது, ஊசி சரியான நரம்பில் நிற்கிறதா என்று சலைன் விட்டுப் பார்க்கும்போது கையைத் தொட்டுக் கவனிப்பது. "உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் போன மாதிரி தோணும், பயப்படாதீங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் அவர் உங்கள் கண் பார்வையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

'படத்துல என்னப்பா இருக்கு?'ன்னு பேஷன்ட் கேட்கிறாங்க. தெரிஞ்சாலும் சொல்லக்கூடாதா?

சொல்லக்கூடாது. "டாக்டர் பார்த்துச் சொல்வார் ஐயா, ரிப்போர்ட் எப்போ வரும்னு நான் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, உண்மையிலேயே கேட்டுச் சொல்லுங்கள். ஆனால் நுரையீரல் சுருங்கியிருப்பது போன்ற அவசரமான ஒன்று கண்ணில் பட்டால் உடனே சீனியரிடம் காட்டுங்கள், அந்த நோயாளியைத் திரும்ப வரிசைக்கு அனுப்பாதீர்கள்.

நைட் டூட்டில தனியா விட்டுட்டுப் போயிடறாங்க. என்ன செய்றது?

நீங்கள் மாணவர், ஊழியர் இல்லை. தகுதி பெற்ற டெக்னீஷியன் அதே கட்டடத்தில், கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் மூன்று படிகளையும் கடந்த எளிய கேஸைத் தவிர மற்ற எதையும், குறிப்பாக மேலே சொன்ன கழுத்து, குழந்தை, ரிப்பீட் மூன்றையும், அவர் வரும் வரை நிறுத்திவையுங்கள். கேஷுவாலிட்டி டாக்டர் அவசரப்படுத்தினால், "நான் ஸ்டூடன்ட் சார், டெக்னீஷியனைக் கூப்பிட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். தேதியோடு உங்கள் நோட்டிலும் எழுதிவையுங்கள். இலவச ஆளாக மாணவரை வைத்து இரவை ஓட்டுவது இன்றும் நடக்கிறது, அதைப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லாக் புக்ல கேஸ் எண்ணிக்கை குறையுது. ஃப்ரெண்ட் எடுத்ததை எழுதிக்கலாமா?

பார்த்ததைப் 'பார்த்தது' என்றும், உதவியதை 'உதவியது' என்றும் எழுதுங்கள். எடுக்காததை 'எடுத்தது' என்று எழுதினால், அந்தப் பக்கத்தை நம்பித்தான் அடுத்த சீனியர் உங்களைத் தனியாக விடுவார். குறைவான கேஸ் எது என்று முன்பே சொன்னால், மண்டை எக்ஸ்ரேயோ குழந்தை கேஸோ வரும்போது உங்களைக் கூப்பிடச் சொல்லலாம்.

சீனியரே தப்பா செய்றார். கொலிமேட்டரைத் திறந்தே வச்சு எடுக்கிறார், கதவை மூடறதில்லை. நாங்க எப்படிச் சொல்றது?

கஷ்டமான கேள்வி, ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். கொலிமேட்டர் என்பது கதிர் விழும் பரப்பைச் சுருக்கும் கருவி. அவர் இருபது வருடம் எடுத்தவர், உங்கள் லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். நோயாளி முன்னால் "இது தப்பு" என்று சொன்னால் அவர் மாறப்போவதில்லை. கதவை நீங்களே போய் மூடுங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். நோயாளிக்கு உடனே ஆபத்து என்றால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். ஆள் மாறுவதும் பக்கம் மாறுவதும் அதில் சேரும்.

மற்றவற்றுக்குக் கேள்வியாகக் கேளுங்கள். அவர் பொசிஷன் செய்து முடித்து மெஷினுக்குத் திரும்பும் அந்தச் சில விநாடிகளில், "அண்ணா, இதுல கொலிமேட்டரைக் குறைச்சுப் பழகட்டுமா, சரியா இருக்கான்னு பாருங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் "ம், பண்ணு" என்பார்கள்.